ரிஜெக்ட் சாரும் ஏழு அங்குலக் காரும்

இந்த உலகத்தில் எதையுமே முதல் தடவையில் சரி என்று ஒப்புக்கொள்ளாத ஒரே ஜீவன் ரிஜெக்ட் சார்தான். பிறந்த அன்று அவர் அழுதிருக்கவே மாட்டார் என்பது என் கணிப்பு. நர்ஸைத் திரும்பிப் பார்த்து, "தொப்புள்கொடிய நேரா வெட்டலியேம்மா, பிசிறு நிக்குது பாருங்க" என்றுதான் சொல்லியிருப்பார்.

சேதராப்பட்டில் பாட்டில் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். நான் டெஸ்பாட்ச், அதாவது மூடிகளை லாரியில் ஏற்றி அனுப்புகிறவன். அவர் குவாலிட்டி, அதாவது அனுப்பவிடாமல் தடுக்கிறவர். தலையெண்ணெய் மூடியோ இருமல் மருந்து மூடியோ, எது வந்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு லென்ஸ் வழியாகப் பார்ப்பார். குறை தெரிந்தால் சட்டைப் பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்துப் பெட்டிமேல் ஒட்டுவார். அதில் 'ரிஜெக்ட்' என்று அச்சடித்திருக்கும். சம்பளச் சீட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்ததாகக் கேள்வி. அதை யாரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஸ்டிக்கர் கம்பெனியோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. ஒருநாள் கேன்டீனில் மெதுவடையை எடுத்து லென்ஸில் பார்த்தார். ஓட்டை நடுவில் இல்லையாம். தட்டில் ஸ்டிக்கர் விழுந்தது. வடை மாஸ்டர் வெளியே வந்து, "சார், வட வாயிக்குள்ள போனப்புறம் ஓட்ட எங்க இருந்தா இன்னா சார்?" என்று கேட்டார். "அப்பிடி நெனச்சா ஓட்டையே போட வேணாமே" என்றார் நம் ஆள். மாஸ்டர் உள்ளே போய், ஒரு வாரம் போண்டா மட்டும் போட்டார். முடிவெட்டும் கடைக் கண்ணாடியிலும் ஒன்று ஒட்டிவிட்டு வந்தார், இடது கிருதா இரண்டு மில்லிமீட்டர் ஏறிவிட்டதென்று. வீராம்பட்டினம் தேரை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் பார்த்தார். ஏன் சார் என்றேன். "சாமி வேற டிபார்ட்மென்ட்டு" என்றார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் முத்தியால்பேட்டை மதாம் அந்த அட்டைப்பெட்டியைக் கொடுத்தார்.

மதாம் என்பது அவர் குடியிருந்த மாடி போர்ஷனின் சொந்தக்காரம்மா. வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து காலமானவர். பிள்ளைகள் பாரிஸில். அங்கே போய்விட்டு வந்தபோது, குடியிருப்பவருக்கு ஏதாவது கொடுக்கவேண்டுமே என்று மதாம் ஒரு பிளாஸ்டிக் கார் கிட் வாங்கி வந்தார். பெட்டிக்குள் நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள், சட்டத்தில் கோத்த மாதிரி. ஒவ்வொன்றாக வெட்டி, ராவி, ஒட்டி, பெயின்ட் அடித்தால் ஏழு அங்குல நீளத்தில் ஒரு பழைய கறுப்புப் பிரெஞ்சுக் கார் கிடைக்கும். ஒரு மாதத்து வேலை.

"பொழுது போவட்டும்னு குடுத்தேன் தம்பி. நாலு வருஷமா எனக்குப் பொழுது போவல" என்று பிற்பாடு மதாம் என்னிடம் வருத்தப்பட்டார்.

முதல் மூன்று மாதம் அவர் எதையும் ஒட்டவில்லை. நூற்றுப் பன்னிரண்டு துண்டையும் லென்ஸில் பார்த்தார். நாற்பத்தேழாம் நம்பர் துண்டில், அது இடது கதவின் கைப்பிடி, அரிசியில் கால்வாசி இருக்கும், ஒரு பள்ளம் இருந்ததாம். உடனே கிட் செய்த கம்பெனிக்குக் கடிதம் எழுதவேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல மதாம் பிரெஞ்சில் எழுத, நான் சாட்சியாக உட்கார்ந்திருந்தேன்.

"எழுதுங்க மதாம். ஒங்க மோல்டுக்கு மெயின்டனன்ஸ் பத்தாது. பிளாஸ்டிக் ஆறதுக்கு முந்தியே பீஸ வெளிய எடுக்கறீங்க. இது எங்க சேதராப்பட்டுல நடந்தா ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு மெமோ."

மதாம் முகத்தில் சலனமே இல்லாமல் எழுதினார். ஒரு மாதம் கழித்துப் பிரான்சிலிருந்து பதில் வந்தது. வழவழப்பான அட்டை, கூடவே ஒரு வண்ணப் புத்தகம். சார் அதை ஆபீஸ் முழுக்கக் காட்டினார். "பாத்தியா, தப்ப ஒத்துக்கிட்டான். அதான் வெள்ளக்காரன்" என்றார். நான் மதாமைத் தனியாகக் கேட்டேன். அவர் எழுதியது இவ்வளவுதான்: கார் மிக அழகு, புதுச்சேரியில் ஒரு ரசிகர் தினமும் பார்த்து மகிழ்கிறார், மெர்சி, அதாவது நன்றி.

அப்புறம் பெயின்ட். கறுப்பு பெயின்ட் பொல்லாதது, ஒரு தூசி விழுந்தால் ஊருக்கே தெரியும். தூசி அடங்கிய ஒரே இடம் பாத்ரூம் என்று கண்டுபிடித்தார். முதலில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் தூசியைப் படியவைப்பார். பிறகு தலைக்கு பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, புஸ் புஸ் என்று அடிப்பார். காயும்வரை அந்த பாத்ரூமுக்குள் யாரும் போகக்கூடாது. அவரும் போகமாட்டார். குளிப்பதற்குக் கம்பெனிக்கு வந்துவிடுவார்.

தூசியை ஜெயித்தாலும் கடல் காற்றை என்ன செய்வது? ஈரக்காற்று பட்டால் பெயின்ட்டில் பால் தெளித்த மாதிரி வெளுப்பு பூத்துவிடும். காற்று நிலவரம் யாருக்குத் தெரியும் என்று என்னைக் குடைந்தார். எனக்குத் தெரிந்த மீனவர் ஒருவர் பிள்ளைச்சாவடியில் இருந்தார். நம்பரைக் கொடுத்தது என் தப்பு. தினமும் காலையில் அவருக்குப் போன் போகும்.

"அண்ணே, இன்னிக்கிக் காத்து எப்பிடி?"

"வாடக் காத்து சார். தண்ணி கொஞ்சம் ஏத்தமா இருக்கு. எறங்க வேணாம்."

"நாளைக்கி?"

"நாளைக்கி எறக்கலாம். ஒங்க போட்டு எத்தினி அடி நீளம் சார்?"

"அடி இல்லண்ணே. ஏழு இன்ச்சு."

ஏழு அடிதானே என்று அவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டாராம். ஆனாலும் அந்த நல்ல மனிதர் மறுநாளும் காற்றைச் சொன்னார்.

நாலு வருஷத்தில் அந்தக் காருக்கு ஒன்பது தடவை பெயின்ட் அடித்தார். ஒவ்வொரு தடவையும் லென்ஸை வைத்துப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், பெட்டிமேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அப்புறம் காரை பிரேக் ஆயிலில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. பெட்டியின் படமே ஸ்டிக்கரில் மறைந்துவிட்டது. உள்ளே என்ன கார் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

இந்த மனிதருக்குத்தான் என் அக்காவைப் பேசலாம் என்று எனக்குத் தோன்றியது. எந்த நேரத்தில் தோன்றியதோ.

அக்கா கலாவுக்கு முப்பத்திரண்டு வயது. பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். தினமும் காலையில் மைதானத்தில் யாராவது ஒரு டீச்சரோ குடும்பத்தலைவியோ அக்காவின் ஸ்கூட்டரோடு விழுவார்கள். அக்கா ஓடிப்போய்த் தூக்கி, "அடிபட்டுச்சா? இல்லல்ல? பயம் போச்சா?" என்பாள். பயம் போயிருந்தால் வண்டிக்கு என்ன ஆனாலும் அவளுக்குக் கவலை இல்லை. பார்க்க வந்த மாப்பிள்ளைகளெல்லாம் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, "கல்யாணத்துக்கப்புறம் இந்த வண்டி வேல வேணாமே" என்று ஆரம்பிப்பார்கள். அக்கா அவர்கள் செருப்பைத் தெருப் பக்கம் திருப்பி வைத்து வழியனுப்புவாள். அம்மா மட்டும் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ரிஜெக்ட் சார் வரும் நாளில் நான் அம்மாவை எச்சரித்திருந்தேன். அம்மா ஸ்கேல் வைத்துக் கேசரியைச் சதுரமாக வெட்டினாள். அவர் ஒரு துண்டை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எட்ஜ் நல்லா வந்துருக்கும்மா" என்றார். அம்மா அந்த நிமிஷமே அவரை மருமகனாக எழுதிவைத்துவிட்டாள்.

அப்போது அக்கா காப்பியோடு வந்தாள். நம் ஆள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். போச்சு என்று நினைத்தேன். ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "வாசல்ல நிக்கிற ஸ்கூட்டர்ல பதினாலு எடத்துல நசுங்கி டென்ட்டு விழுந்துருக்குங்க."

"பதினாறு" என்றாள் அக்கா. "ஃபுட்போர்டுக்கு அடில ரெண்டு. குனிஞ்சி பாத்தாதான் தெரியும்."

அவர் வாயைத் திறந்தபடி அக்காவைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கண்ணுக்குத் தப்பிய குறையை இன்னொருத்தர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். காப்பி ஆறிப்போனது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

அக்காவுக்கும் பிடித்துவிட்டது. வெளியே சொல்லவில்லை. "மத்தவனுங்கல்லாம் வண்டிய வேணாம்னானுங்க. இவரு ஒருத்தர்தான் வண்டிய பாத்தாரு" என்றாள். அன்று சாயங்காலம், பல வருஷங்களில் முதல்முறையாக, ஸ்கூட்டரைக் கழுவினாள்.

ஆனால் அக்கா விவரமானவள். கார் கதையை என்னிடம் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை வரச்சொல்லி நேராகவே பேசினாள்.

"அந்தக் கார முடிங்க. ஆயுத பூஜைக்கு எங்க வண்டிங்களோட அதயும் வச்சிப் படைப்போம். முடிச்சி எடுத்தாந்தா அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம். முடிக்கலன்னா நமக்குள்ள ஒண்ணும் இல்ல."

"ஏங்க, காருக்கும் கல்யாணத்துக்கும் இன்னாங்க சம்மந்தம்?"

"நாலு வருஷமா ஒண்ண முடிக்காத ஆளோட எப்பிடிங்க குடும்பம் நடத்தறது? நா ஒரு சாம்பார் வச்சா, ஸ்டிக்கர் ஒட்டிட்டு மொதல்லேந்து வைன்னுவீங்க. புள்ள பொறந்தா அதயும் ஊறப் போடுவீங்க."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆயுத பூஜைக்கு ஏழு வாரம் இருந்தது.

அந்த ஏழு வாரம் நான் பட்ட பாடு நாய் படாது. வேலை முடிந்ததும் மாடி போர்ஷனுக்குப் போய் அவர் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். அவர் கை சட்டைப் பைக்குப் போகும்போதெல்லாம், "சார், முகூர்த்தம்" என்பேன். கை திரும்பி வந்துவிடும். பத்தாவது தடவையாகக் கறுப்பு அடித்தார். பிள்ளைச்சாவடிக்காரர் தாமாகவே போன் போட்டு, "இன்னிக்கி எறக்குங்க சார், காத்து காஞ்ச காத்து" என்றார். பெயின்ட் கண்ணாடி மாதிரி வந்தது. சார் லென்ஸை எடுத்தார். நான் லென்ஸைப் பிடுங்கிக்கொண்டேன்.

பூஜைக்கு மூன்று நாள் முன்னால் கடைசித் துண்டு, பக்கவாட்டுக் கண்ணாடி, இடுக்கியிலிருந்து தெறித்து எங்கோ பறந்துவிட்டது. எள்ளளவு சாமான். மூன்று பேரும் தரையில் தவழ்ந்தோம். எழுபது வயது மதாம் டார்ச்சை அடித்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டு, வெளியே வரத் தெரியாமல் பிரெஞ்சில் கூப்பாடு போட்டார். காலைப் பிடித்து இழுக்கவேண்டியதாயிற்று. கடைசியில் அந்தத் துண்டு சாருடைய முழங்கையிலேயே பசையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு மணி நேரம் அதைச் சுமந்துகொண்டுதான் அவர் அதைத் தேடியிருக்கிறார்.

ஆயுத பூஜை அன்று காலை கார் வந்தது. கண்ணாடிப் பெட்டியில், கம்பெனி பஸ் டிரைவரைக் கெஞ்சி இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச்சொல்லிக் கொண்டுவந்தார். எங்கள் வாசலில் அக்காவின் மூன்று ஸ்கூட்டர்களும் மாலையோடு நின்றன. அவற்றுக்கு முன்னால் ஒரு மணை போட்டு, கோலமிட்டு, காரை வைத்தோம். தெருவே கூடிவிட்டது, காரோடு வந்த மதாமும் அதில் சேர்த்தி. சந்தனப் பொட்டைப் பல்குச்சி நுனியால் சாரே வைத்தார். ஸ்கூட்டர் சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். காருக்கு எலுமிச்சம்பழம் வைத்தால் கார் பழத்துக்கடியில் போய்விடும் என்பதால், நாலு சக்கரத்துக்கும் நாலு சுண்டைக்காய் வைத்தாள் அக்கா. வைத்துவிட்டு அவரைப் பார்த்து, "முடிச்சிட்டீங்க" என்றாள். அவர் காது சிவந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அம்மா கற்பூரத் தட்டோடு வந்தாள். அம்மாவுக்கு எல்லா வண்டியும் ஒன்றுதான். ஸ்கூட்டர் ஒவ்வொன்றுக்கும் ஹெட்லைட்டுக்கு நேராகத் தட்டை மூன்று சுற்றுச் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டாள். காருக்கு வந்தபோது மகளின் கல்யாணத்துக்காக வேண்டுதல் கொஞ்சம் நீண்டது. தட்டும் பக்தியில் கொஞ்சம் கிட்டப் போனது. கற்பூரமும் வஞ்சகமில்லாமல் எரிந்தது.

பிளாஸ்டிக் வாடை எனக்கும் சாருக்கும் ஒரே நேரத்தில் மூக்கில் ஏறியது. தொழில் அப்படி. பத்தாவது தடவைப் பளபளப்போடு நிமிர்ந்திருந்த காரின் முன்பக்கம், பஸ்ஸில் தூங்குகிறவர் தாடை மாதிரி மெல்லத் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா கண்ணைத் திறந்தாள். "அடி ஆத்தே" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டு, உருகியதை நிமிர்த்த இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக் ஆயில், டூத் பிரஷ், இன்னொரு நாலு வருஷம், அக்காவுக்கு முப்பத்தாறு என்று எல்லாம் மூடிய கண்ணுக்குள் ஓடியது. அக்காவைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கண்ணைத் திறந்தால் மணைக்குப் பக்கத்தில் ரிஜெக்ட் சார் இல்லை. வாசல் குழாயடியில் அம்மாவின் கையைப் பிடித்துத் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணிலயே வையிங்க அத்த. ஒட்டுனத பிக்காதீங்க, தோலு வந்துடும்."

அத்தை. அதுவரை அவர் அம்மாவை அம்மா என்றோ வாங்க போங்க என்றோதான் பேசியிருக்கிறார். அந்த வார்த்தை வாயில் வந்ததை அவரே கவனிக்கவில்லை. அக்கா கவனித்துவிட்டாள். கையிலிருந்த பூக்கூடையைக் கீழே வைத்தாள்.

அம்மா அழுதுகொண்டே, "நாலு வருஷ ஒழப்ப பாழாக்கிட்டனே தம்பி. மறுபடி மொதல்லேந்து செய்யணுமா? கல்யாணம் தள்ளிப் போவுமா?" என்றாள்.

"காரு கெடக்கட்டும் அத்த. வெரல காட்டுங்க." அவர் லென்ஸை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவின் இரண்டு விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொப்புளம் இல்ல. லேசா செவந்துருக்கு. ஓகேதான்" என்றார். அவர் வாயால் ஓகே என்று கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, பூஜ போட்டா வண்டிய நகத்தணும். வாங்க" என்றாள். மூன்று ஸ்கூட்டரும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்தன. அடுத்து சார் மணை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒற்றை விரலால் காரைத் தள்ளினார். சுண்டைக்காய் நசுங்கவில்லை. கார்தான் ஏறி, எகிறிக் குதித்து, தொங்கிய வாயோடு மணையைத் தாண்டிப் போய் மதாமின் செருப்பில் முட்டி நின்றது. ஒரு சக்கரம் கழன்று சாக்கடைப் பக்கம் ஓடியது. மதாம் அதை வெகு கம்பீரமாக மிதித்து நிறுத்தினார்.

ரிஜெக்ட் சார் சிரித்தார். அவர் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லையாதலால், விக்கல் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா சிரிக்க, தெரு சிரிக்க, அம்மா மட்டும் யாரைப் பார்த்து அழுவது என்று தெரியாமல் விழித்தாள்.

சொன்னபடி அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் போட்டிருந்த மாப்பிள்ளை பெயரைப் பார்த்து, யாரோ தெரியாதவர் கல்யாணம் என்று கம்பெனியில் பாதிப் பேர் வரவில்லை. வந்த வடை மாஸ்டர் பந்தியில் தானே நின்று பரிமாறினார். மாமா அந்த வடையை லென்ஸ் இல்லாமல் சாப்பிட்டார். ஆமாம், இப்போது எனக்கு அவர் மாமா.

குணம் மாறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். கம்பெனியில் என் பெட்டிகளை இன்றைக்கும் திருப்பி அனுப்புகிறார், மச்சான் என்று பார்ப்பதில்லை. அக்காவின் சாம்பாரைக் குறைசொல்லி, அன்று அவரே சமைக்கவேண்டிய நிலைக்குப் போனதும் உண்டு. ஆனால் அந்தக் காரை அவர் மறுபடி தொடவில்லை. கழன்ற சக்கரத்தை மட்டும் ஒட்டி, தொங்கிய முன்பக்கத்தோடு அவர்கள் வீட்டு ஹாலில் டீவிக்கு மேலே வைத்திருக்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டு ஏன் இப்படி என்று கேட்பார்கள். அம்மா அங்கே இருந்தால் மாமா ஒருதரம் அவள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

"பின்னாடியெல்லாம் நா செஞ்சது. முன்பக்கம் எங்க அத்த செஞ்சாங்க" என்பார்.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். அதற்காகவே, கார் பார்க்கலாம் வா என்று மாதத்துக்கு ஒருவரையாவது அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.